கட்டத்துக்குள் எழுதிய கேள்வி

இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள், கண்ணுகளா. தேநீர் எல்லாருக்கும் வந்ததா? நல்லது. கதவோரம் இருப்பவர் சாத்துவதற்கு முன் தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுங்கள். வண்டி ஏதாவது நிற்கிறதா? நின்றாலும் பயப்பட வேண்டாம். எங்கள் ஸ்கெல்பி ஊரில் யாராவது கதை சொல்ல வாயெடுத்தால் முதலில் தெருவைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஏன் அப்படி ஆனது என்பதுதான் இன்று நான் சொல்லப் போகும் கதை. ஒரே ஒரு ஓட்டுப் போட்ட ஒரு பெண்ணின் கதை. முழுசாகச் சொல்லிவிடுகிறேன், நடுவில் எழுந்து போகாதீர்கள்.

பெரில் ஹாக்ஸ்வொர்த்துக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கை மசித்துத் தட்டில் வைப்பாள். அன்றைக்கு என்ன சாப்பாடு என்று கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவாள். அவள் எழுத்து பட்டாணி மாதிரி உருண்டையாக இருக்கும். சில எழுத்துகளுக்கு அடுத்த வரிவரை இறங்கும் நீளமான வால் விடுவாள்.

அவளுக்குத் தம்பி ஒருவன், வில்ஃப். அதே பள்ளிக்கூடத்தின் வாசலில் இருபத்திரண்டு வருஷம் குழந்தைகளைச் சாலை கடத்திவிட்டவன். மஞ்சள் அங்கி, நீளக் கம்பு, கம்பின் முனையில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை. அவன் அதைத் தூக்கினால் லாரியும் நிற்கும், ராணுவ வண்டியும் நிற்கும். ஊரில் முப்பது வயதுக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் அவன்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான்: வலது பார், இடது பார், மறுபடி வலது பார்.

ஒரு பனிமூட்டமான காலையில், குழந்தைகள் வருவதற்கு முன், கம்பை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும்போது, பள்ளி வாசலில் சாலை கடக்கக் கோடு போட்ட பாதையிலேயே அவனை ஒரு கார் இடித்துவிட்டது. இடுப்பு நொறுங்கியது. உயிர் பிழைத்துச் சக்கர நாற்காலிக்கு வந்தான். என்ன நடந்தது என்று அவனுக்கு நினைவில்லை. பலகையில் மட்டும் காவல்துறை வண்டியின் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

காவல்துறையிடமிருந்து முதல் அறிக்கை வந்தது. அந்த நேரத்தில் அந்தத் தெருவில் எங்கள் வண்டி எதுவும் இல்லை என்றது. பெரில் பெயின்ட்டைப் பற்றி எழுதினாள். இரண்டாம் அறிக்கை வந்தது. எங்கள் வண்டி ஒன்று இருந்தது, ஆனால் நின்றுகொண்டிருந்தது, பாதசாரி இருபுறமும் பார்க்காமல் இறங்கி அதன்மேல் மோதினார் என்றது. ஓட்டியவர் பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மை பூசியிருந்தது. நின்ற வண்டிக்கு எதற்கு ஓட்டுநர் என்று பெரில் கேட்டு எழுதினாள். அதற்குப் பதில் இல்லை.

வில்ஃப் மட்டும் அந்த இரண்டாம் அறிக்கையை நம்பிவிட்டான். தினமும் எட்டரை மணிக்குப் பள்ளி மணி அடிக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்பான்.

"அக்கா, நான் பாக்காமலா இறங்கினேன்?"

"நீ பாத்திருப்படா. பாக்காம இறங்குற ஆளா நீ?"

"அப்புறம் ஏன் அப்படி எழுதியிருக்காங்க? இத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு நானே பாக்கலையா?"

இரண்டரை வருஷம், ஒரு நாள் விடாமல் இந்தக் கேள்வி. அவளும் முப்பத்தேழு கடிதம் எழுதிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கம் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. காவல்துறை யாருக்குப் பதில் சொல்லும்? மக்களுக்கு. மக்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார முடியாதே? ஆகவே மாவட்டத்துக்கு ஓர் ஆணையரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும், மக்கள் சார்பில் அவர் கேள்வி கேட்பார், காவல்துறை பதில் சொல்லும். முப்பத்தெட்டாவது கடிதத்துக்குப் பெரிலுக்கு ஒரே வரியில் பதில் வந்தது: 'இனி இதுபோன்றவற்றைத் தாங்கள் தேர்ந்தெடுக்கப் போகும் ஆணையரிடம் கேட்கவும்.'

எங்கள் ஹாரோடேல் மாவட்டத்தில் ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேரும் குற்றத்துக்கு எதிரி என்று துண்டுச்சீட்டு அடித்தார்கள். குற்றத்துக்கு ஆதரவாக ஒருவராவது நின்றிருந்தால் ஜனங்களுக்குத் தேர்ந்தெடுக்க வசதியாக இருந்திருக்கும். ஜெரால்ட் ஃபெதர்ஸ்டன் என்பவரின் சீட்டில் மட்டும் படத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: 'எதையும் என்னிடம் கேளுங்கள்.' அவர் அதுவரை தோட்டத்துக்கு மரவேலி விற்றுக்கொண்டிருந்தவர். பெரில் அந்தச் சீட்டைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தாள்.

தேர்தல் நவம்பரில், மழையில் நடந்தது. எங்கள் பகுதிக்கு வாக்குச்சாவடி தேவாலயத்துக் கூடம். சாயங்காலம் நான்கு மணிக்குப் பெரில் உள்ளே போனபோது இரண்டு அலுவலர்களும் பின்னல் ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள்.

"ஓட்டுப் போடவா வந்தீங்க?" என்றாள் ஒருத்தி.

"ஆமாம்மா."

"நெசமாவா? கழிப்பறை அந்தப் பக்கம் இருக்கு, அதுக்கு வந்தீங்களோன்னு நெனச்சேன்."

"காலையிலேர்ந்து மூணு பேர் அதுக்குத்தான் வந்தாங்க," என்றாள் மற்றவள். "நீங்கதான் முதல் ஓட்டு. கை தட்டலாமா, தப்பில்லையே?"

"தட்டாத, பக்கச்சார்பு ஆயிடும்."

பெரில் மறைப்புக்குள் போனாள். கயிற்றில் கட்டிய பென்சில். ஐந்து பெயர், ஐந்து கட்டம். கட்டத்தில் பெருக்கல் குறி போட வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. ஆனால் கேட்கச் சொன்னவர் ஃபெதர்ஸ்டன்தானே? கேட்பதற்கு வேறு இடமும் தாளில் இல்லை. அவர் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்துக்குள், தன் பட்டாணி எழுத்தில், பென்சிலை ஊதி ஊதிச் சின்னதாக எழுதினாள்: 'என் தம்பியை இடித்த காரை ஓட்டியது யார்?'

எழுதி, மடித்து, பெட்டியில் போட்டாள். அன்று இரவு பத்து மணிக்குச் சாவடி மூடும்வரை வேறு யாரும் வரவில்லை.

மறுநாள் பகலில் வாக்கு எண்ணினார்கள். ஃபெதர்ஸ்டனுக்கு இருபத்தோராயிரத்து முந்நூற்றாறு. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி டட்லி ராம்ஸ்டனுக்கும் இருபத்தோராயிரத்து முந்நூற்றாறு. மூன்று முறை எண்ணியும் அதுவே. கடைசியில் சந்தேகத் தாள்களின் கட்டு மேசைக்கு வந்தது. கெட்ட வார்த்தை எழுதியது, பன்றிப் படம் வரைந்தது, ஐந்து கட்டத்திலும் 'வேண்டாம்' என்று எழுதியது, எல்லாம் கழிந்து ஒரே ஒரு தாள் மிஞ்சியது.

தேர்தல் அலுவலர் திருமதி ஓல்ட்ராய்ட், மாவட்ட மன்றத்தின் எல்லா வேலைக்கும் அவர்தான், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதைப் பார்த்தார். இரண்டு வேட்பாளரும் இரண்டு பக்கம் குனிந்தார்கள்.

"இது ஓட்டு இல்லம்மா, புகார்," என்றார் ராம்ஸ்டன். "முப்பது வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரி ஆயிரம் பாத்திருக்கேன். மடிச்சு டிராயர்ல போட்டுடணும்."

"என் கட்டத்துலதானே இருக்கு?" என்றார் ஃபெதர்ஸ்டன். "நம்பிக்கை இல்லாத ஆள்கிட்ட யாராவது கேள்வி கேப்பாங்களா?"

திருமதி ஓல்ட்ராய்ட் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரே கட்டத்துக்குள் குறி இருந்தால், அது என்ன குறியாக இருந்தாலும், அந்தக் கட்டத்துக்குரிய ஓட்டு. ஆனால் எழுதியவர் யாரென்று அடையாளம் தெரிந்துவிட்டால் அந்தத் தாள் செல்லாது.

"பேர் இல்ல, ஊர் இல்ல," என்றார். "தம்பி உள்ளவங்க இந்த மாவட்டத்துல எத்தனையோ ஆயிரம் பேர். யார் எழுதினதுன்னு தெரியல. செல்லும்."

இப்படித்தான் பெரிலின் கேள்வி ஒரு ஓட்டாகி, ஃபெதர்ஸ்டன் ஒரு ஓட்டில் ஆணையரானார். மேடையேறி அவர் பேசியது உள்ளூர் வானொலியில் வந்தது.

"நூத்துல பதினோரு பேர் மழையில வந்து எங்களுக்கு ஓட்டுப் போட்டாங்க. மீதி எண்பத்தொம்பது பேர், யார் வந்தாலும் சரின்னு, வீட்டுலயே இருந்து எங்க மேல நம்பிக்கை வெச்சாங்க. ஆக நூத்துக்கு நூறு! இப்படி ஒரு ஆதரவு இந்த நாட்டுல யாருக்கும் கெடச்சதில்ல."

பிறகு செய்தி வாசிப்பவன் சிரித்துக்கொண்டே அந்த வினோதத் தாளில் இருந்ததை வாசித்தான். பள்ளிச் சமையலறையில் பெரில் கையிலிருந்த கரண்டி கஸ்டர்டுக்குள் விழுந்து மூழ்கியது. மேலங்கியைக் கழற்றாமலே வீட்டுக்கு ஓடினாள்.

"வில்ஃபு! நம்ம கேள்வி ஜெயிச்சிடுச்சுடா!"

உடனே ஆணையர் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு, அந்த ஓட்டு என்னுடையதுதான், எப்போது பதில் கிடைக்கும் என்று கேட்டாள். எதிர்முனையில் இருந்த பெண், "கொஞ்சம் இருங்க," என்றாள். பிறகு வேறு யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

அரை மணியில் ஆணையரே வந்துவிட்டார். காவல்துறை வண்டி வாசலில் நின்றது. ஓட்டி வந்தவன் மூர்ஹவுஸ் என்ற காவலன், முப்பது வயது இருக்கும், வெளியிலேயே மழையில் நின்றான்.

"உள்ள வாப்பா, நனையிறியே," என்று வில்ஃப் ஜன்னல் வழியே கூப்பிட்டான்.

"பரவால்ல சார்," என்றவன் தலையை நிமிர்த்தவில்லை.

ஆணையர் உட்கார்ந்து, பெரில் வெட்டிவைத்த இஞ்சிக் கேக்கில் ஒரு துண்டு தின்றுவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார்.

"மேடம், அந்தத் தாளை நீங்க எழுதல."

"நான்தாங்க எழுதினேன்."

"எழுதல. கேக் பிரமாதம். நீங்க எழுதலன்னு நான் சொல்லல மேடம், சட்டம் சொல்லுது. எழுதினது யாருன்னு தெரிஞ்சா ஓட்டு செல்லாது. ஓட்டு செல்லலன்னா நான் ஆணையர் இல்ல. நான் ஆணையர் இல்லன்னா உங்க கேள்விக்குப் பதில் கேட்டு வாங்க எனக்கு அதிகாரம் இல்ல."

"சரி, அப்ப நான் எழுதல. பதில் சொல்லுங்க."

"நீங்க எழுதலன்னா, நீங்க கேக்கலையே? கேக்காதவங்களுக்கு எப்படிப் பதில் சொல்றது?"

பெரில் கேக் தட்டை ஓரம் தள்ளினாள். "இப்ப வாயால கேக்குறேன். என் தம்பிய இடிச்ச..."

"ஐயையோ!" ஆணையர் எழுந்து அவள் வாயைப் பொத்தாத குறையாகக் கையை நீட்டினார். "அதே கேள்விய நீங்க கேட்டா, எழுதினது நீங்கதான்னு ஆயிடும். ராம்ஸ்டனோட வக்கீலுங்க அதுக்குத்தான் காத்திருக்காங்க. என் பதவிக்காலம் நாலு வருஷம். அது முடிஞ்சதும் தாராளமா கேளுங்க. நானே ஆவலா இருக்கேன்."

"நாலு வருஷம் கழிச்சா? அதுவரைக்கும் இவன் தினமும் என்னைக் கேப்பானே?"

"அவர் கேக்கலாம்," என்றார் ஆணையர், பெருந்தன்மையாக. "அவர் ஓட்டுப் போடலையே."

மறுநாள் காலை எட்டரைக்கு வில்ஃப் ஜன்னலோரம் வந்தபோது வாசலில் அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. உள்ளே மூர்ஹவுஸ். எதற்கு என்று பெரில் போய்க் கேட்டாள்.

"வாக்கு ரகசியத்தைப் பாதுகாக்கிறதுக்கு, மேடம்."

"யார்கிட்டேருந்து?"

"உங்ககிட்டேருந்து," என்றான். சொல்லிவிட்டு, "மன்னிச்சுக்கங்க," என்றும் சொன்னான்.

அவள் கடைக்குப் போனால் வண்டி நடந்துபோகும் வேகத்தில் பின்னால் வரும். பக்கத்து வீட்டு மார்ஜரி பெரிலோடு வேலியோரம் பேசுவதை நிறுத்தினாள். பால் போடுகிறவன் பாலை அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனான். ஊர் பெரிலின் மேல் கோபப்படவில்லை, கண்ணுகளா. ஊர் பெரிலைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் திருமதி ஓல்ட்ராய்ட் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். பெரிலின் கையெழுத்து இனி அரசாங்க ரகசியம் என்றார். ஒப்பிட்டுப் பார்க்க எவருக்கும் சிக்கக் கூடாது. கடைச் சாமான் சீட்டு, சமையல் குறிப்பு நோட்டு, சுவரில் தொங்கிய நாள்காட்டி, எல்லாம் பெட்டிக்குள் போயின. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் அறுபது எழுதி வைத்திருந்தாள், அவையும் போயின.

"இதுல என்ன இருக்கு? நல்லா இருங்கன்னுதான் எழுதியிருக்கேன்."

"நீங்க என்ன எழுதினீங்கங்கிறது பிரச்சினை இல்ல, திருமதி ஹாக்ஸ்வொர்த். எழுதத் தெரியுங்கிறதுதான்."

கடைசியாக, அந்த முப்பத்தெட்டுக் கடிதங்களின் நகல்களையும் வந்த இரண்டு அறிக்கைகளையும் கேட்டார். பத்திரமாக வைத்திருந்து நாலு வருஷத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லி ரசீது நீட்டினார். பெரில் கையெழுத்துப் போடப் பேனா எடுத்ததும் அதையும் வாங்கிக்கொண்டார். கட்டைவிரலில் மை தடவி ரேகை வைக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைக் கழற்றினார்கள். இனி சாப்பாட்டுப் பட்டியல் அச்சடித்து வரும் என்றார் தலைமையாசிரியர், பெரிலின் முகத்தைப் பார்க்காமல், ரொட்டிக் கூடையைப் பார்த்தபடி.

இதற்கிடையில் பேருந்து நிறுத்தங்களில் எல்லாம் ஆணையரின் படம் போட்ட சுவரொட்டி வந்தது: 'நீங்கள் சொன்னீர்கள். நாங்கள் குறித்துக்கொண்டோம்.' அதைப் பார்த்தபிறகு ஊரில் பேச்சு இன்னும் குறைந்தது.

மார்ச் மாதம் ஆணையருக்கு ஒரு சங்கடம் வந்தது. காவல்துறைத் தலைவரை மக்கள் முன்னிலையில் நிறுத்திக் கணக்குக் கேட்கும் பொறுப்புக் கூட்டம் ஒன்றைச் சட்டப்படி அவர் நடத்த வேண்டும். மக்களில் ஒருவராவது வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் நடந்ததாக ஆகாது. மக்கள் கேள்வி கேட்கப் பதினைந்து நிமிஷம் ஒதுக்க வேண்டும். அதை ஒரு நிமிஷமும் குறைக்கக் கூடாது. மூன்று முறை அறிவித்தார். மூன்று முறையும் எண்பது நாற்காலி போட்டு, எண்பதையும் மடித்து வைத்தார்கள். வாசலில் காவல்துறை வண்டி நிற்கும் கூட்டத்துக்கு யார் வருவார்கள்?

ஆணையரே பெரிலைத் தேடி வந்தார். "நீங்கதான் மேடம் இந்த மாவட்டத்தோட பொதுமக்கள். வந்து சும்மா உக்காந்தா போதும். வாயத் திறக்க வேணாம்."

"வாயத் திறக்காம உக்காரணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"தம்பியையும் கூட்டிட்டு வரலாமா?"

ஆணையர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். இரண்டு பேர் என்றால் 'பெருந்திரள்' என்று அறிக்கையில் எழுதலாம். "தாராளமா!"

கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. மூர்ஹவுஸ்தான் வண்டியில் அழைத்துப் போனான். வில்ஃபின் நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தான். அவனைத் தூக்கி உட்காரவைத்தான். பள்ளிக்கூடத்துக்கு முன்னால், அந்தக் கோடு போட்ட பாதைக்குப் பத்தடி முன்னாலேயே வண்டியை நிறுத்தினான். பாதையில் ஆள் இல்லை, நாய்கூட இல்லை.

"யாரும் இல்லையே, கண்ணு. போ," என்றாள் பெரில்.

"ஆமாம்மா."

போகவில்லை. வலது பார்த்தான், இடது பார்த்தான், மறுபடி வலது பார்த்தான். பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கண்ணாடியில் தெரிந்த மூர்ஹவுஸின் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. பெரில் அந்த முகத்தைப் பார்த்தாள். நான்கு மாதமாகத் தன் வாசலில் நின்றது யார் என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளே.

மன்றத்துக் கூடத்தில் மேடைமேல் ஆணையர், காவல்துறைத் தலைவர், நடவடிக்கைக் குறிப்பு எழுத திருமதி ஓல்ட்ராய்ட். கீழே எண்பது நாற்காலி, அதில் ஒன்றில் பெரில், பக்கத்தில் வில்ஃபின் சக்கர நாற்காலி. கதவோரம் மூர்ஹவுஸ். மேலே இரண்டு கேமராக்கள், இரண்டும் நாற்காலிகளைப் பார்த்து.

காவல்துறைத் தலைவர் எழுந்தார். "போன வருஷத்தைவிட எங்க மேல வந்த புகார் பாதியாக் கொறஞ்சிருக்கு. புகார்ப் படிவத்தை ரெண்டாவது மாடிக்கு மாத்தினோம், லிஃப்டையும் பழுதுபார்க்கக் குடுத்திருக்கோம். நல்ல நிர்வாகத்துக்கு இதைவிட ஆதாரம் வேணுமா?" என்றார். ஆணையர் கை தட்டினார். பிறகு ஆணையர் எழுந்து, தான் காவல்துறைத் தலைவரிடம் மிகக் கடுமையான கேள்விகள் கேட்டுவிட்டதாகவும், அவை இருவருக்கும் இடையிலான ரகசியம் என்றும் சொன்னார். காவல்துறைத் தலைவர் கை தட்டினார்.

"இப்ப பொதுமக்கள் கேள்வி நேரம்," என்றார் ஆணையர். "பதினஞ்சு நிமிஷம். கேள்வி உண்டா? இல்ல. ரொம்ப நன்றி, அப்ப நாம..."

"பதினஞ்சு நிமிஷமும் முடியணும் சார்," என்றார் திருமதி ஓல்ட்ராய்ட், தலையைத் தூக்காமல். "இல்லன்னா கூட்டம் செல்லாது."

ஆகவே உட்கார்ந்திருந்தார்கள். சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பதைக் காட்டியது. பெரில் வில்ஃபின் கால்மேல் கிடந்த போர்வையை விலக்கி மடித்து வைத்தாள். கோணலாகப் போன இடது காலும், அதற்குக் கீழே தொங்கிய, மண்படாத புது ஷூவும் தெரிந்தன. அவள் மேடையைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

ஐந்து நிமிஷம். ஆணையர் தண்ணீர் குடித்தார். காவல்துறைத் தலைவர் தொப்பியைத் துடைத்தார்.

ஒன்பதாவது நிமிஷத்தில், "எதையாவது பாக்குறதுன்னா ஜன்னலைப் பாருங்களேன், மேடம்," என்றார் ஆணையர். பெரில் பார்வையை எடுக்கவில்லை.

பதின்மூன்றாவது நிமிஷத்தில் கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தான்."

எல்லாரும் திரும்பினார்கள். மூர்ஹவுஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"உக்காருப்பா," என்றார் காவல்துறைத் தலைவர், மெதுவாக.

"என்னைய எதுக்கு அவங்க வாசல்ல போட்டீங்க சார்? இந்தக் கேள்வி வெளிய வராமப் பாத்துக்க உன்னைவிட அக்கறை உள்ளவன் யாருன்னு கேட்டீங்களே." அவன் வில்ஃபிடம் வந்து முழங்காலிட்டான். "சார். பனிமூட்டம். நான் போன்ல பேசிக்கிட்டு ஓட்டினேன். நீங்க வலது பாத்தீங்க, இடது பாத்தீங்க, மறுபடி வலது பாத்தீங்க. பலகையத் தூக்கினீங்க. நான் பாத்தேன். போன் கையில, பாத்தும் நேரத்துக்கு நிறுத்த முடியல. நீங்க பாத்துத்தான் இறங்கினீங்க. பாத்து ஓட்டாதவன் நான்."

வில்ஃப் அக்காவிடம் திரும்பினான்.

"மூணு தடவையும் பாத்திருக்கேன், அக்கா."

"ஆமாண்டா."

திருமதி ஓல்ட்ராய்ட் மேசைமணியை அடித்தார். பதினைந்து நிமிஷம் முடிந்தது.

நடவடிக்கைக் குறிப்பு இப்போதும் மன்றத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், போகிறவர் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். 'பொதுமக்கள் கேள்வி: இல்லை. கேட்கப்படாத ஒரு கேள்விக்குப் பதில் ஒன்று பெறப்பட்டது. கேள்வி இல்லாத பதில் விதிக்குப் புறம்பானதால் நீக்கப்பட்டது. வருகை: பெருந்திரள்.'

மூர்ஹவுஸை இரண்டு பேர் அவன் ஓட்டி வந்த வண்டியிலேயே பின் இருக்கையில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார்கள். இடமாற்றம் என்றார்கள். எந்த ஊருக்கு என்று அவன் அம்மாவுக்கே சொல்லவில்லை. அக்காவும் தம்பியும் வீட்டுக்குப் பேருந்தில் வந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே வாசலில் வேறொரு வண்டி வந்து நின்றிருந்தது, கண்ணாடி கறுத்த வண்டி, உள்ளே யார் என்று தெரியவில்லை. கூட்டத்தில் நடந்த கதையைப் பெரிலிடம் வேலியோரம் நின்று கேட்ட மார்ஜரியின் வாசலிலும் இரண்டு நாளில் ஒன்று வந்தது. அவளிடம் கேட்ட பால்காரன் வீட்டிலும் வந்தது. எங்கள் மாவட்டத்தில் இத்தனை வண்டி இருந்ததே எங்களுக்கு அதற்கு முன் தெரியாது.

கூட்டத்துக்கு மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பள்ளி மணி அடித்தது. வில்ஃப் ஜன்னலோரம் வரவில்லை. அந்தப் பழைய கேள்வியைக் கேட்கவில்லை. "அக்கா, என் பலகை எங்க?" என்றான்.

பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் அங்கியையும் மாட்டிவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனாள். கறுத்த கண்ணாடி வண்டி பின்னாலேயே ஊர்ந்து வந்தது. பிள்ளைகள் ஓரத்தில் நின்றார்கள். பெரியவர்கள் வீட்டுத் திரைகளுக்குப் பின்னால் நின்றார்கள். வில்ஃப் வலது பார்த்தான், இடது பார்த்தான், மறுபடி வலது பார்த்தான். சக்கரத்தை உருட்டிக் கோடுகளின் நடுவே இறங்கி, கம்பை ஊன்றிப் பலகையை நிமிர்த்தினான்.

அந்த வண்டி அவனுக்கு மிகப் பக்கத்தில் வந்துதான் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை வில்ஃப் பலகையை இறக்கவில்லை.

ஓரம் ஏறி அதை இறக்கியதும் வண்டி மறுபடி அவர்கள் பின்னாலேயே நகர்ந்தது.

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. தேநீர் ஆறியிருக்கும், குடித்துவிட்டுப் பத்திரமாகப் போங்கள். உங்கள் பிள்ளைகள் சாலை கடக்கும் இடத்திலெல்லாம் பார்த்து ஓட்டுகிறவர்கள் வரட்டும். உங்கள் வீட்டில் கேட்ட கேள்விக்கு உங்கள் வீட்டுக்குள்ளேயே பதில் கிடைக்கட்டும். உங்கள் வாசலில் வண்டி வந்து நின்றால், அதிலிருந்து பையும் பலகாரமுமாக உங்கள் உறவுக்காரர் இறங்கட்டும். அந்த வண்டிச் சத்தம் கேட்டு உங்கள் வீட்டில் எல்லாரும் வெளியே ஓடிவரட்டும், ஒருவரும் திரையை இழுத்து மூடாதிருக்கட்டும்.